வெளிச்சம் பட்டால் வேலை செய்யும் மருந்து

பூசிய மருந்து வெளிச்சம் பட்டால்தான் வேலை செய்யும் என்று நோயாளிகளுக்கு விளங்கப்படுத்துவதுதான் என் தொழில். கல்முனைப் பக்கத்து ஆஸ்பத்திரியொன்றில், தோல் புற்றுநோய் ஆய்வில் உதவியாளராக இருக்கிறேன். தமக்கே முழுதாக விளங்காததை மற்றவருக்கு விளக்கிச் சம்பளம் வாங்குகிறவர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

பெயர்

சம்மாந்துறை இஸ்மாயில் காக்காவுக்கு (எங்கள் பக்கத்தில் அண்ணன் காக்கா, அக்கா ராத்தா) மூக்கோரத்தில் ஆறாத புண். சோதித்ததில் புற்றுநோய் என்று வந்தது, நல்லவேளை, மேலோட்டமாகத்தான். வெட்டினால் மூக்கின் வடிவு கெட்டுவிடும் என்று டொக்டர் அவரை எங்கள் ஆய்வுக்கு அனுப்பினார். "இது ஒளிச் சிகிச்சை, காக்கா" என்று தொடங்கினேன். அவர் எழும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார். "ஒளிச்சுச் செய்யிற வைத்தியமெண்டா, தங்கச்சி, பெரிய டொக்டருக்குத் தெரியுமா?"

சூடு

மருந்தைப் பூசி, வெளிச்சம் படாமல் கட்டி, சில மணித்தியாலம் இருத்தி வைத்தோம். நோயுள்ள இடத்தில் மருந்து சேரும், வெளிச்சம் பட்டதும் நோயை அழிக்கும் என்று டொக்டர் சொல்லித் தந்ததை அப்படியே ஒப்புவித்தேன். மருந்து எரியும் என்றேன். விளக்கு சுடாது என்றேன். என் கையையே அதன் கீழ் பிடித்தும் காட்டினேன்.

அவர் முகத்தில் வெளிச்சம் விழுந்ததும் துடித்துப்போனார். எரிவது மருந்துதான், விளக்கில்லை என்று நான் சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் வந்தது. டொக்டர் விசிறியை அவர் பக்கம் திருப்பிவிட்டார். பல்லைக் கடித்தபடி காக்கா சொன்னார்: "சுடாதெண்டு எனக்குச் சொன்னீங்க. விளக்குக்கும் சொன்னீங்களா?"

வெயில்

அனுப்பும்போது, இரண்டு நாளைக்கு முகத்தில் வெயில் படக்கூடாது என்றேன். வயலில் அறுவடை மெஷின் வந்து நிற்கிறது, போகாமல் ஏலாது என்றார் காக்கா. அவருடைய மனைவி சுபைதா ராத்தா என்னைப் பிடித்துக்கொண்டார். "வெளிச்சம்தான் மருந்தெண்டு இவ்வளவு நேரம் படுக்க வெச்சீங்க. மறுகா வெளிச்சம் படப்படாதெண்டுறீங்க. அது நமக்குக் கூட்டாளியா, எதிரியா?"

டொக்டரிடம் ஓடிப்போய்க் கேட்டேன். அவர் சொல்லும்போது விளங்கியது; திரும்பி வருவதற்குள் போய்விட்டது. "ரெண்டும்தான் ராத்தா" என்றேன். அவர் தன் குடையைக் கணவரின் கையில் திணித்தார். "இதப் புடிங்க. இந்தப் புள்ளைக்கே தெரியாது."

முடிவு

சில மாதம் கழித்து இருவரும் வந்தார்கள். புண் இருந்த இடத்தில் புதுத்தோல். மறுபடி சோதித்தோம், நோய் தெரியவில்லை என்று ஆய்வுப் பதிவில் எழுதிக்கொண்டேன். சுபைதா ராத்தா அல்ஹம்துலில்லாஹ் என்று முகத்தைத் தடவிக்கொண்டார். காக்கா மட்டும், "சுகமாகியிருக்காட்டி என்ன எழுதியிருப்பீங்க?" என்று கேட்டார். "அதையும் உள்ளபடி எழுதியிருப்பம். பின்னால வாறவங்களுக்கு உதவும்" என்றேன். சுகமாகாமலும் போகலாம் என்பதை இத்தனை மாதமாக அவர் மனதில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது.

இடைக்கிடை வந்து காட்டச் சொன்னேன். காக்கா எழும்பிக்கொண்டே சொன்னார்: "இல்லாத நோயத் தேடித் திரும்பத் திரும்ப வரணும், அப்பிடித்தானே? இன்ஷா அல்லாஹ், வாறன்."

நான் விளங்கிக்கொள்ளும் வரை அந்த மருந்து காத்திருக்கவில்லை என்பது ஒன்றுதான் இதுவரை எனக்குத் தெளிவாக விளங்கியது.