கழுதைக்குக் குடம்

1. அலுவலகத் தோழி சீட்டுக்கட்டைக் கலைத்தாள்.
2. கழுதை ஆடலாம் என்றார்கள்.
3. கடைசியில் யார் கையில் சீட்டு மிஞ்சுகிறதோ, அவர்தான் கழுதை; எல்லோருக்கும் தேநீர் வாங்கி வர வேண்டும்.

அந்தச் சரசரப்பில், நான் சிறுவயதில் இருந்த சின்னக்கானல் எஸ்டேட் லயத்து வரிசை வீட்டின் மண்ணெண்ணெய் வாசனை வந்தது. அங்கே கழுதையானவர் மறுநாள் பள்ளத்துக் குழாயிலிருந்து தண்ணீர் சுமக்க வேண்டும். அப்பாவும் சித்தப்பாவும் கண்ஜாடை காட்டியே ஆடுவார்கள். தினமும் சித்திதான் கழுதை.

"ஏட்டி, நீ சுமக்கத்தான் பொறந்திருக்க" என்று சித்தப்பா சிரிப்பார்.

ஒருநாள் சித்தப்பா கையில் சீட்டு மிஞ்சியது. சித்தி குடத்தை அவர் முன்னால் வைத்தாள். "நாளைக்கு நீங்க தூக்குங்க."

"செயிச்சவளுக்குத்தான் தெம்பு சாஸ்தி. நீயே தூக்குட்டி."

அப்பா அதுதான் நியாயம் என்றார்.

இப்போது குழாய் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. சித்தப்பா பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். அவர் தண்ணீர் கேட்டால், சித்தி முதலில் கழுதை ஆடச் சீட்டுப் போடுகிறாள்.