உற்சவத்துக்காக நிறுத்திய மாத்திரை

வேதவல்லி டீச்சர் போய்விட்டார் என்று, காலைப் பிரார்த்தனை முடிந்ததும் நம் பள்ளி வாட்ச்மேன்தான் வந்து சொன்னார். "சின்ன காஞ்சிபுரத்துலருந்து எதிர் பூத்துக்குப் போன் வந்துதும்மா. விடிகாலையில போய்ட்டாங்களாம்." கையிலெடுத்த சாக்பீஸ் பெட்டியை மேஜையிலேயே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அவர் வரலாறு, நான் அறிவியல். பன்னிரண்டு ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. விடைத்தாளில் பக்கம் பக்கமாகப் புளுகியிருக்கும் பிள்ளைகளைக் கூப்பிட்டு, "தெரியலைன்னா தெரியலைன்னு எழுது, கதை விடாதே" என்பார். தலைமை ஆசிரியரிடமும் அதே பேச்சுதான்.

சென்ற மாசியில், அவர் மூளையில் ஒரு ரத்தக்குழாய் மொக்கு போல வீங்கியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். சென்னையில் தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, வீக்கத்துக்குள் கம்பிச் சுருளை நிரப்பி, அது நழுவாமலிருக்க ஸ்டென்ட் வைத்தார்கள். திரும்பி வந்தவர், "மண்டையைத் திறக்காமலே வேலை முடிஞ்சுடுத்து. உள்ளே ஒண்ணுமில்லைன்னு ஊருக்குத் தெரியாமப் போயிடுத்து" என்று சிரித்தார். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்திருந்தார்கள்.

அந்த மாத்திரையால் பல் தேய்த்தாலே ஈறில் ரத்தம். காய் நறுக்கும்போது விரலில் பட்டால் நிற்கவே நிற்காது. வைகாசியில் பெருமாள் உற்சவம் வந்தது. "பத்து நாளும் மடியாத் தளிகை பண்ணிப் பெருமாளுக்குப் படைக்கணும், கஸ்தூரி. ரத்தக் கையோட எப்படிப் பண்றது? அதுவரைக்கும் மாத்திரையை நிறுத்தட்டுமா? நீ சயின்ஸ் டீச்சராச்சே" என்று கேட்டார். "பத்து நாள்தானே டீச்சர், ஒண்ணும் ஆவாது" என்றேன். அந்த மாத்திரையின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

தேருக்கு மறுநாள் அடுப்படியில் விழுந்தார். ஸ்டென்டில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டதாம். வலப்பக்கம் செயலிழந்தது, பேச்சும் போனது. "யார் நிறுத்தச் சொன்னது?" என்று டாக்டர் சத்தம் போட்டார். "அவளாவே நிறுத்திட்டா" என்றார் டீச்சரின் கணவர். நான் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தேன். டீச்சர் என்னையே பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு மாதம் அப்படியே கிடந்தார். பாவி நான், ஞாயிறுதோறும் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

பிடிவாதத்தால் போய்ச் சேர்ந்தார் என்று நம் பள்ளி இரங்கல் கூட்டத்தில் சக ஆசிரியர்கள் நீங்கள் எல்லோரும் பேசினீர்கள். இல்லை, கேட்டுவிட்டுத்தான் நிறுத்தினார். என்னைத்தான் கேட்டார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, பிள்ளைகளிடம் அவர் சொன்ன அந்த ஒரு வரி. அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இப்போது எழுதுகிறேன்: எனக்குத் தெரியாது, டீச்சர்.