பதினாறு தலையும் ஒரே கட்டத்தில்

எட்டு வருஷம் பட்டுச்சேலைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டவள் நான். திரையில் ஒரு கட்டம் என்றால் தறியில் ஓர் இழை. ஒரு கட்டம் பிசகினால் மயிலுக்கு அலகு கோணிவிடும். பிறகு சேலை முழுக்கக் கோணல் அலகோடு மயில்கள் வரிசையாக நிற்கும். என் மயில் ஒருநாளும் கோணியதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

நான் வேலை பார்த்த சேலைக்கடை முதலாளி டிசைன் வேலையை வெளியே கொடுத்துவிட முடிவுசெய்தார். மூன்று மாதம் பொறுப்பேன், அதற்குள் வேறு வேலை பார்த்துக்கொள் என்றார். அவரோடு சண்டை போட்டுப் பயனில்லை. பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு மாடியில் அனிமேஷன் சொல்லித் தந்தார்கள். போய்ச் சேர்ந்தேன். சொல்லிக்கொடுத்த பெண் என்னைவிடப் பத்து வயது சின்னவள்.

முதல் பாடம் பந்து. தரையில் படும்போது அது நசுங்க வேண்டும், எழும்பும்போது நீள வேண்டும். நான் வட்டத்தை வட்டமாகவே விழவைத்தேன்.

"அக்கா, இது பந்தா, இரும்புக் குண்டா?" என்று அவள் சிரித்தாள். நல்லா இருக்கிற பந்தை எதற்காக நசுக்க வேண்டும் என்று எனக்கு எரிச்சல். வாயை மூடிக்கொண்டு நசுக்கினேன்.

மூன்றாவது மாதம் ஒரு வாய்ப்பு வந்தது. சென்னையில் குழந்தைகளுக்குப் பாட வீடியோ செய்கிற கம்பெனி ஒன்று பரீட்சை மாதிரி ஒரு வேலை கொடுத்தது. பாவாடை சட்டை போட்ட சிறுமி இரண்டு அடி எடுத்துவைத்து நடக்க வேண்டும். மொத்தம் பதினாறு படம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். பிடித்தால் வேலை. அந்த இரண்டு அடியைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள் என்றதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. சேலை முழுக்க ஒரே புட்டாப் பூவைத் திரும்பத் திரும்பப் போடுகிற மாதிரிதானே!

சொல்லிக்கொடுத்த பெண் நடைக்கு மாதிரியாக ஒரு தாள் வரைந்து தந்திருந்தாள். அதில் தலைகள் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று தாறுமாறாக இருந்தன. பாவம், அவசரத்தில் போட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். என் சிறுமியின் பதினாறு தலையையும் ஒரே கட்டத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். அவளுடைய தாளையும் பென்சிலால் திருத்தி மேசையில் வைத்தேன்.

வியாழக்கிழமை என் படத்தை ஓட்டிப் பார்த்தாள்.

"அக்கா, இது நடக்கல. தள்ளுவண்டி மேல நிக்க வெச்சு யாரோ தள்ளிக்கினு போற மாதிரி இருக்குது."

"வரிசை எவ்ளோ சுத்தமா இருக்குது பாரும்மா."

"அதான்கா தப்பே. நடந்தா தலை ஏறி இறங்கும்."

"எனக்கெல்லாம் ஏறி இறங்காது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை என் வீட்டுக்காரரை எங்கள் மொட்டைமாடிக்கு இழுத்துப்போனேன். அவர் ஆட்டோ எடுக்கிற நேரம். நான் துணிக்கொடிக்கு முன்னால் நடக்கிறேன், போனில் வீடியோ எடுங்கள் என்றேன்.

"நீ சண்ட போடறதுக்கு நான் கேமராமேனாமா?" என்று முனகிக்கொண்டே எடுத்தார். பிறகு வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். கால் இரண்டும் அகன்றிருக்கும்போது என் தலை கயிற்றுக்குக் கீழே இருந்தது. ஒரு கால் மற்றதைத் தாண்டும்போது கயிற்றுக்கு மேலே போனது.

"இன்னாமா இது, கொடியத் தாண்டி எகிறுது உன் தல" என்றார் அவர்.

வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயம். மணி ஒன்பதரை. உட்கார்ந்து பதினாறையும் முதலிலிருந்து போட்டேன். தெரிந்தே வரிசையைக் கலைக்கக் கை கூசியது. திட்டிக்கொண்டே கலைத்தேன். ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, இன்னொரு தரம் சரிபார்க்காமல் அனுப்பினேன். அப்படி நான் எதையும் அனுப்பியதில்லை.

பிறகு அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். "உன் தாள்ல நான் போட்ட பென்சில அழிச்சிடும்மா."

"அன்னிக்கே அழிச்சிட்டேன்கா" என்றாள்.

செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. நடை நன்றாக இருக்கிறது, முதல் தேதி வேலைக்கு வாருங்கள் என்று எழுதியிருந்தார்கள். கீழே இன்னொரு வரி: ஒன்பதாவது படத்தில் பாவாடை பார்டர் லேசாக இறங்கியிருக்கிறது, பெரிய விஷயமில்லை, நாங்களே சரிசெய்துகொள்கிறோம்.

திறந்து பார்த்தேன். ஒரே ஒரு கட்டம்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேலை கிடைத்த சந்தோஷம் என்று என் வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டார். பாதி அதற்குத்தான்.