பொத்தான் ஏறாத வெள்ளைக் கோட்டு

புறநோயாளிகள் வரிசை வாசல்வரை நின்ற ஒரு காலையில் அந்தத் தகவல் வந்தது. பழைய ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை பார்த்த நர்ஸ் மேரி கூப்பிட்டிருந்தார். "டாக்டரம்மா, நம்ம வார்டு சூசையண்ணன் போயிட்டாரு. நெஞ்சுதான்" என்று சொல்லிவிட்டு அழுதார். எதிரே இருந்த நோயாளியின் நாடியைப் பிடித்தேன். எண்ண முடியவில்லை.

மறுநாள் பாம்பனில், அவர் வீட்டு முன் போட்டிருந்த பந்தலில் பழைய ஆஸ்பத்திரிக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து உட்கார்ந்திருந்தோம். "டாக்டர் கோட்டையே திருடி மாட்டுன மனுஷன்ல!" என்றார் ஒருவர், பாசமாகத்தான். எல்லோரும் சிரித்தார்கள். வெட்கங்கெட்டு நானும் சிரித்து வைத்தேன். சூசை எதையும் திருடவில்லை. அவரை அறிந்த உங்களிடம் இதைச் சொல்லாமல் நான் அஞ்சலி எழுதுவதில் அர்த்தமே இல்லை.

எட்டு ஆண்டுகளுக்கு முன் நான் அங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்தபோது சூசை வார்டு உதவியாளர். ஸ்ட்ரெச்சர் தள்ளுவார், படுக்கை மாற்றுவார். யார் வந்தாலும் முதல் கேள்வி, "சாப்பிட்டீகளா?" என்னையும் விட்டு வைக்கமாட்டார். "ஊசிய விட உங்க மூஞ்சிக்குத்தான் பயப்படுறாக டாக்டரம்மா, கொஞ்சம் சிரிங்க" என்பார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அவர் சொன்னது சரி என்பதுதான் காரணம்.

ஒரு செவ்வாய்க்கிழமை, திருப்புல்லாணிப் பக்கமிருந்து முனியசாமி என்ற மிளகாய் விவசாயியைக் கூட்டி வந்தார்கள். இ.சி.ஜி. தாளைப் பார்த்தேன். மாரடைப்பு. கொடுக்க வேண்டிய மாத்திரைகளைக் கொடுத்துவிட்டு, "அய்யா, உங்கள மதுரைக்கு எழுதுறேன்" என்று பட்டென்று சொன்னேன். இந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள் செய்யக்கூடிய தப்பா அது? எங்கள் ஊர்களில் 'மதுரைக்கு எழுதிட்டாங்க' என்றால் கைவிட்டுவிட்டார்கள் என்று பொருள். அப்போதே சொந்தக்காரர்களுக்குச் சொல்லியனுப்ப ஆரம்பித்துவிடுவார்கள். சூசை வார்டுக்குள் அந்த ஊரின் பெயரையே எடுக்கமாட்டார். "மேக்க ஒரு மெஷின் இருக்கு, ஒரு எட்டு பாத்துட்டு வந்துருவோம்" என்றுதான் சொல்வார்.

மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிவிட்டுத் திரும்பினால் கட்டில் காலி. முனியசாமி சாலையைக் கடந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தார். வேட்டி வியர்வையில் நனைந்திருந்தது. பக்கத்தில் அவர் மனைவி வாயில் முந்தானையை வைத்து அழுதுகொண்டிருந்தார்.

"சாகுறதுன்னா வீட்ல சாகுறேன் தாயி. பெரிய டாக்டர் வந்து சொல்லட்டும், அப்புறம் பாப்போம்" என்றார். தலைமை டாக்டரோ சாட்சி சொல்ல கோர்ட்டுக்குப் போயிருந்தார். பஸ் எந்த நேரமும் வந்துவிடும். ஏறி இறங்கி வீடுவரை நடந்தால் அவர் பிழைக்கமாட்டார்.

திரும்பி ஓடினேன். வாசலில் சக்கர நாற்காலியோடு சூசை வந்துகொண்டிருந்தார். என் கோட்டைக் கழற்றி, "போடுங்கண்ணே, நீங்கதான் பெரிய டாக்டர்" என்றேன். "வேண்டாம்மா, தப்பாயிரும்" என்று பின்வாங்கினார். "மாட்டுங்க!" என்று கத்தி, நானே அவர் கைகளை உள்ளே திணித்தேன். பொத்தான் ஏறவில்லை. "அத விடுங்க, ஓடுங்க" என்றேன்.

நானும் பின்னாலேயே போனேன். அவர் முனியசாமிக்குப் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தார். "சாப்பிட்டீகளாண்ணே?"

முனியசாமி ஏற இறங்கப் பார்த்தார். "என்ன டாக்டரய்யா, கோட்டு சின்னதா இருக்கு?"

"துவைச்சதுல சுருங்கிருச்சு."

பஸ் திருப்பத்தில் தெரிந்தது. முனியசாமி எழுந்தார். "மதுரைக்குப் போயி உசுரோட வந்தவன் ஒருத்தனக் காட்டுங்க, வாரேன்."

சூசை கோட்டை விலக்கி, சட்டைப் பொத்தான்களையும் அவிழ்த்தார். நெஞ்சுக்குழிவரை நீளமாக ஒரு தழும்பு. வாலிப வயதில் மதுரையில் செய்த இதய ஆபரேஷன். எங்களில் யாருக்கும் அது தெரியாது.

"இந்தா, காட்டிட்டேன். வாங்க, நானும் கூட வாரேன்" என்றார்.

பஸ் நின்றது, இரண்டு பேர் ஏறினார்கள், கிளம்பியது. முனியசாமி சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கோட்டோடேயே சூசை ஆம்புலன்சில் ஏறி மதுரைவரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு போனார்.

முனியசாமி பிழைத்தார். பிழைத்ததுதான் வினையாகிப் போனது. மூன்று வாரம் கழித்து ஒரு பை நிறைய குண்டு மிளகாயோடு நேராகத் தலைமை டாக்டர் அறைக்குள் போய், "நெஞ்சுல தழும்பு இருக்கிற பெரிய டாக்டர் எங்க?" என்று கேட்டிருக்கிறார். பத்து நிமிடத்தில் சூசையையும் என்னையும் கூப்பிட்டார்கள்.

"டாக்டர்னு சொல்லி நடிச்சியா? கோட்டு ஏது?" என்று சூசையைக் கேட்டார் தலைமை டாக்டர்.

நான் அப்போது தற்காலிகப் பணியில் இருந்தேன். நான் மூச்சு விடுவதற்குள் சூசை சொன்னார்: "ஆணியில கிடந்துச்சுய்யா. நானாத்தான் எடுத்து மாட்டுனேன்."

அவரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். தினமும் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் பஸ்ஸில். ஆபரேஷன் செய்த நெஞ்சோடு எட்டு வருடம் அப்படி அலைந்தார். என் வேலை நிரந்தரமானது. வழியில் எங்காவது பார்த்தால், "சாப்பிட்டீகளா டாக்டரம்மா?" என்பார். அந்தப் பேச்சை ஒருநாளும் எடுத்ததில்லை.

அடக்கம் முடிந்ததும் அவர் மனைவி பிலோமினாளிடம் போய், "அக்கா, கோட்டை நான்தான் குடுத்தேன்" என்றேன்.

"தெரியும்மா. அன்னைக்கே சொன்னாக" என்றார். "'அந்தப் புள்ள உண்மையச் சொல்லி வேலையக் கெடுத்துக்கிருமோன்னு பயந்துட்டேன் பிலோமி, அதான் நான் முந்திக்கிட்டேன்'னாக."

நான் சொல்லியிருக்கமாட்டேன். அது எனக்கு நன்றாகத் தெரியும். சூசைக்குத்தான் தெரியவில்லை. என்னைப் பற்றி அவர் வைத்திருந்த அந்தத் தப்பான நல்லெண்ணம் ஒன்றுதான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருக்கிறது. எட்டு வருடம் தாமதமாகவேனும் அதற்கு உரியவளாக வேண்டும் என்று இதை எழுதி, கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதியை மேலதிகாரிக்கும் அனுப்பியிருக்கிறேன்: அந்தக் கோட்டை அவருக்கு மாட்டிவிட்டவள் நான்.