லைட்டு அணையட்டும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அப்பா வாங்கிய கார், ஏற்கெனவே இரண்டு பேர் ஓட்டித் தேய்த்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் லைட் சிவப்பாக எரியும். கொஞ்ச நேரத்தில் தானே அணைந்துவிடும். என்ஜினுக்கு ஆயில் ஏறவில்லை என்று எச்சரிக்கும் லைட் அது.

அம்மாவுக்கு மலைமேல் இருக்கும் மாஞ்சோலை எஸ்டேட்டைப் பார்க்க ஆசை. மலைப்பாதையில் பஸ் என்றால் குமட்டும், நம்ம காரிலேயே போகலாம் என்பாள்.

"மலையில நின்னுட்டா என்ன செய்ய? லைட்டு அணையட்டும், போவோம்" என்பார் அப்பா.

ஆயிலை மாற்றினோம், எரிந்தது. லைட்டை எரியவைக்கும் ஸ்விட்சை மாற்றினோம், அப்போதும் எரிந்தது. மெக்கானிக் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, "ஆயிலு நல்லா ஏறுது அண்ணாச்சி, பயப்படாம போங்க" என்றார். அப்பா கேட்கவில்லை. மெக்கானிக்கை நம்பாத மனுஷர் ஒரு பல்பை நம்பினார். எனக்கு இன்றும் அது ஆறவில்லை.

கடைசியில் பார்த்தால் ஒரு வயர். என்ஜின் குலுங்கும்போது, அந்த வயரின் தோல் உரிந்த இடம் கார் பாடியில் உரசி லைட்டை எரியவிட்டிருக்கிறது. விரலளவு டேப் சுற்றியதும் தீர்ந்துபோனது. அதற்குள் அம்மாவுக்கு இதயம் பலவீனமாகி, மலைக்கெல்லாம் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிப்போன காலையில், ஆற்றுப்பாலத்தின் மேல் போகும்போது மேற்கே மலை தெளிவாகத் தெரிந்தது. முன்சீட்டில் இருந்த அம்மா டேஷ்போர்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"லைட்டுதான் அணைஞ்சிட்டுல்லா" என்று அப்பாவிடம் கேட்டாள். "போவமா?"