யாருக்கும் கொடுக்க முடியாத வேலை

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில், லண்டன் ஸ்ட்ரெதமில் நாங்கள் வாடகைக்கு இருந்தபோது நடந்தது இது. எனக்கு முதற்பிள்ளை வயிற்றில். கணவருக்குப் பெற்றோல் செட்டில் ஷிப்ட் வேலை. எனக்குக் குரோய்டனில் ஒபிஸ் வேலை. எங்கள் ஆட்களிடையே ஒபிஸ் வேலைக்கு என்ன மரியாதை என்று சொல்லத் தேவையில்லை. குரோய்டன் என்றதும், அங்கேயுள்ள விசா அலுவலகத்தில்தான் நான் இருப்பதாக நினைத்து, கேஸ் பைலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர்களும் உண்டு.

உண்மையில் நான் என்ன செய்தேன் தெரியுமா? கைபேசியிலும் இணையத்திலும் விற்கிற ஆபாசப் படங்களுக்கு இரண்டு மூன்று வரியில் விவரம் எழுதினேன். விளம்பரத்தில் பொருட்களுக்கு விவரம் எழுதுவது என்றுதான் போட்டிருந்தார்கள். நானும் சட்டி, பானை, மேசை விளக்கு என்று நினைத்துப் போனேன். முதல் நாளே பொருள் என்னவென்று விளங்கிவிட்டது. அப்போதே எழும்பி வந்திருக்கலாம். ஆனால் விண்ணப்பம் போட்ட இடமெல்லாம் கையை விரித்த பிறகு என்னை எடுத்த ஒரே இடம் அது. வாடகையும் கழுத்தை நெரித்தது. யாழ்ப்பாணத்தில் கன்னியாஸ்திரிகள் அடித்துப் படிப்பித்த இங்கிலிஷ் கடைசியில் இதற்குத்தான் உதவியது. எல்லாப் படமும் ஒன்றுதான். அதை நாள் முழுக்க வேறு வேறு மாதிரி எழுது என்றால் மனுசி என்னத்தை எழுதுவாள்? மனேஜர் ஒருநாள் என் கதிரைக்குப் பின்னால் நின்று, இதில் உற்சாகம் போதாது என்றார். எனக்கு வாந்தி வருகிற மாதம் அது.

பிள்ளை தங்கியதும் வேலையை விட்டுவிடுவது என்று நானும் கணவரும் முடிவெடுத்தோம். அவருக்கு மட்டும்தான் என் வேலை என்னவென்று தெரியும். ஆனால் பேறுகாலச் சம்பளம் வேண்டுமென்றால் ஆறாம் மாதம் முடியும்வரையாவது அதே வேலையில் நிற்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் காசு இல்லாவிட்டால், பிள்ளை பிறந்த கையோடு நான் வேலை தேட வேண்டும், அவர் இரவு பகல் பாராமல் பெற்றோல் செட்டிலேயே கிடக்க வேண்டும். ஆக, பிள்ளையோடு வீட்டில் இருப்பதற்காக நான் அந்தக் கண்றாவியையே இன்னும் சில மாதம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வயிற்றுக்குள் பிள்ளை உதைக்கும். திரையில் அது ஓடும். யார்மேல் கோபிப்பது என்றே தெரியவில்லை.

இது போதாதென்று அடுத்த தொல்லை தொடங்கியது. நான் வேலையை விடப்போகிறேன் என்ற செய்தி எப்படியோ நாங்கள் போகிற கத்தோலிக்கக் கோயிலில் பரவிவிட்டது. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம். பெற்றோல் செட்டோ, கடையோ, கிளீனிங்கோ, ஒருவர் வேலையை விட்டால் அந்த இடத்தை நம்முடைய ஆள் ஒருவருக்குக் கொடுத்துவிட்டுத்தான் போவார். என் கணவருக்கு வேலை கிடைத்ததும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வந்தால், என்னைச் சுற்றி ஒரு கூட்டம். மருமகளுக்கு, மச்சாளுக்கு, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

அதில் என்னால் தட்ட முடியாதவர் எங்கள் மேல்மாடியில் இருந்த மன்னார் அக்கா. நான் வாந்தி எடுத்த நாளெல்லாம் கஞ்சி கொண்டுவந்தவர். ஒருமுறை தலைசுற்றியபோது பஸ்ஸில் கூடவே வந்து ஒபிஸ் வாசல்வரை கொண்டுவந்து விட்டவர்.

"பிள்ளை, நீர் விடேக்க அந்த இடத்துக்கு என்ர தங்கச்சியைச் சொல்லிவிடும். படிச்சவள். அவளையும் என்னைப்போல கிளீனிங்குக்கு அனுப்ப எனக்கு மனமில்லை."

மனேஜர் சரியில்லை என்றேன். எந்த மனேஜர்தான் சரி என்று கேட்டார். தூரம் என்றேன், சம்பளம் குறைவு என்றேன், ஆள் எடுக்கமாட்டார்கள் என்றேன். அக்காவின் முகம் கறுத்துப்போனது. அதன்பிறகு கஞ்சியும் வரவில்லை, அக்காவும் வரவில்லை. தான் இருந்த இடத்தில் இன்னொருத்தி இருக்கப் பொறுக்காத எரிச்சல்காரி என்று கோயிலில் என்னைப் பற்றிக் கதை வந்தது. எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இந்தக் கதிரைக்கா இத்தனை போட்டி!

பேறுகாலச் சம்பளம் உறுதியாக இன்னும் சில கிழமைதான் இருந்தது. ஒருநாள் மனேஜர் மலர்ந்த முகத்தோடு வந்து, உன் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒரு பெண் வேலை கேட்டு வந்திருக்கிறாள், நல்ல இங்கிலிஷ் என்றார். எட்டிப் பார்த்தேன். வாசல் அறையில் அக்காவின் தங்கை. புதுச் சப்பாத்து, மடியில் சான்றிதழ்கள். கோயிலுக்குப் போவதுபோலத் தலையை வாரிக்கொண்டு வந்திருந்தாள்.

எனக்கு எங்கிருந்து அந்த வேகம் வந்ததோ தெரியாது. அவளின் கையைப் பிடித்துப் படியிறங்கித் தெருவுக்கே கொண்டுவந்துவிட்டேன். மனேஜர் மேலிருந்து ஏதோ கூப்பிட்டார். இன்றோடு என் வேலையும் போய்விட்டது, காசும் போய்விட்டது என்றே நினைத்தேன். தெருவில் வைத்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப நீங்கள் ஏனக்கா இன்னும் இருக்கிறியள்?" என்று கேட்டாள்.

வயிற்றைக் காட்டினேன்.

மனேஜரிடம் அந்தப் பெண்ணுக்கு வேறு வேலை சரிவந்துவிட்டது என்று சமாளித்தேன். அவர் முணுமுணுத்ததோடு விட்டுவிட்டார். என் பயம் முழுக்க மேல்மாடியைப் பற்றித்தான். நினைத்ததுபோலவே அன்று பின்னேரம் அக்கா படியிறங்கி வந்தார். கதவைத் திறந்ததும் ஏச்சு.

"அறிவிருக்கே உமக்கு? வயித்துப் பிள்ளையோட இவ்வளவு நாளும் தனிய இருந்து இதைப் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறீர்! எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேலாதே? நான் என்னடா எண்டால், நீர் எரிச்சல்காரி எண்டு கோயில் முழுக்கச் சொல்லிப்போட்டன். இப்ப அதை எப்பிடி நான் திருப்பி எடுக்கிறது?"

அந்த எரிச்சல்காரிக் கதை இவருடைய வேலைதான் என்று எனக்கு அப்போதுதான் தெரியும்! நான் கோபப்படுவதற்குள் அவரே அழத் தொடங்கிவிட்டார்.

திருப்பி எடுத்த விதம் அடுத்த ஞாயிறு தெரிந்தது. பூசை முடிந்து வெளியே வந்த என்னை எல்லோரும் பாவமாகப் பார்த்தார்கள். என் கொம்பனி பூட்டுப்படப் போகிறதாம், அதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் நான் யாருக்கும் வேலை கேட்டுக் கொடுக்கவில்லையாம். கோயில் வளவுக்குள்ளேயே கூசாமல் சொல்லியிருக்கிறார் மன்னார் அக்கா. கொம்பனியிடம் நட்டஈடு கேளுங்கோ, விடாதேங்கோ என்று ஒரு அண்ணை பஸ் நிற்பாட்டுமிடம்வரை என் பின்னாலேயே வந்தார். பிள்ளை பிறக்குமுன் ஒரு சாமானும் வாங்கக்கூடாது என்று காத்திருந்த என் வீட்டுக்குள் பழைய தொட்டில், தள்ளுவண்டி, பால்போத்தல் அவிக்கிற மெசின் என்று வந்து குவிந்தன. மெசின் மட்டும் மூன்று. நடக்க இடமில்லை. வேண்டாம் என்றால் கேட்கிறார்களா? கொம்பனி பூட்டுப்பட்டவளுக்கு ரோசம் வேறு என்றார்கள்.

பேறுகாலச் சம்பளத்துக்குக் குறித்த கிழமை கடந்த மறுநாளே வேலையை விட்டேன். காசும் ஒழுங்காக வந்தது. அக்காவின் தங்கைக்கும் கொஞ்ச நாளில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாயாக நிற்கும்படி அக்காவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வேறு யாரை நிறுத்தப் போகிறீர் என்று அவரே கேட்டு, அவரே வந்து நின்றார். அந்த வேலையைப் பற்றி அதன்பிறகு ஒருநாளும் அவர் வாய் திறந்ததில்லை.

பார்த்துப் பார்த்துக் காத்திருந்த அந்தப் பேறுகாலக் காசு பிள்ளைக்குக் கட்டுகிற நப்பியிலும் பால்மாவிலும் வந்த வேகத்தில் போய்விட்டது. என்னைப் பற்றி எல்லாம் தெரிந்த பிறகும் என் பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு பீடத்தின் முன் நின்ற ஒருத்தி இருக்கிறாள் என்ற தைரியத்தில்தான் நான் இன்றும் தலைநிமிர்ந்து நடக்கிறேன்.