வாழ்க போடாத இடம்

மைக் கெட்டுப்போச்சாம். நாவல்தாங்கலில் இன்றைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். மணிமங்கலத்தில் சவுண்டு செட் வைத்திருக்கும் கோதண்டத்துக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். மைக் ஒன்றும் கெடவில்லை. கெட்டது ஊர் வாய்.

எழுபத்திரண்டாம் வருஷம் அந்த மைக்கைப் பிடித்தவன் பரசுராமன். நாவல்தாங்கல் பையன். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு ஏர் பிடித்தவன். ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாயில் ஒரு செங்கல் சூளைக்காரன் மண்ணைக் கொட்டி, லாரி போக வழி பண்ணிவிட்டான். அவன் யூனியன் சேர்மனுக்கு மச்சான். இரண்டு மழைக்காலம் போயும் ஏரி நிரம்பவில்லை. நிலம் தரிசாகக் கிடக்க, பரசுராமனின் அம்மா செங்கமலம் அதே சூளைக்குக் கல் சுமக்கப் போனாள்.

பரசுராமனும் ஊர்ப் பையன்கள் நாலு பேரும் சேர்மனிடம் மனு மேல் மனுவாகக் கொண்டுபோனார்கள். சேர்மன் சிரித்த முகமாக வாங்குவார். அப்படியே கிளார்க் பக்கம் நீட்டுவார். அதோடு சரி.

தெருவிளக்குத் திறப்புக்குச் சேர்மன் வருகிறார் என்றதும் பரசுராமன் கோதண்டத்தைத் தேடி வந்தான்.

"இனிமே மனு கெடையாதுண்ணே. கால்வாயத் தொறப்பாரா மாட்டாரான்னு ஊர் பார்க்கக் கேக்கணும். ஊர் பார்க்க அவரு பதில் சொல்லணும். நீ மைக்க மட்டும் என் கையில குடு."

"குடுத்துட்டு உன்கூட நானும் ஜெயிலுக்கு வரணுமா இன்னா?"

"வாயேன். அங்கயும் கூட்டம் போட்டா மைக் வேணுமில்ல?"

விழா அன்று கோதண்டம் திட்டிக்கொண்டேதான் கொடுத்தான். பரசுராமன் தொண்டையைச் செருமினான். மரியாதை தெரிந்த பிள்ளை. "நம்ம மதிப்புக்குரிய சேர்மன் அவர்களே..." என்று ஆரம்பித்தான்.

"வாழ்க!" என்றது கூட்டம்.

"இருங்க, இருங்க. சேர்மன் அவர்கள் நம்ம கால்வாய..."

"வாழ்க!"

ஜனங்களைச் சொல்லியும் குற்றமில்லை. மைக்கில் தலைவர் பேர் வந்தால் வாழ்க போட வேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்குப் பழக்கம். மைக்கைப் பிடித்துக் கேள்வி கேட்டவனை யார் கண்டார்கள்? பையன் மேடையேறிய பெருமையில், சூளையிலிருந்து வந்து தலைச் சும்மாட்டைக்கூட எடுக்காத செங்கமலமும் கையைத் தூக்கி வாழ்க போட்டாள். பரசுராமன் அதைப் பார்த்தான். மைக்கைக் கீழே இறக்கிவிட்டான்.

சேர்மன் கும்பிட்டார். தன் தோள் துண்டை எடுத்து அவனுக்கே போர்த்தினார். "நல்லாப் பேசறே தம்பி" என்று தட்டிக் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

கூட வந்த பையன்கள்தான் வெட்கத்தை மறைக்க, மைக் சரியில்லை என்று கிளப்பிவிட்டார்கள். பரசுராமன் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அதன்பிறகு ஜீப்பை வழிமறித்துக் கேட்டான். கல்யாண வீட்டுப் பந்தியில் எதிரே நின்று கேட்டான். அடிதான் விழுந்தது, பதில் விழவில்லை. கடைசியில் வயிற்றுப்பாட்டுக்காக அவனும் சூளைக்கே போனான். மஞ்சள் காமாலை வந்து படுத்தான்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் கையை விரித்த பிறகு கோதண்டம் பார்க்கப் போனான். கண் இரண்டும் மஞ்சளாகக் கிடந்தவன், கோதண்டத்தின் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, எந்த வூட்ல சாவு வுழுந்தாலும் சேர்மன் மாலையோட வந்துடறாரு, பாத்துக்கினியா?"

"இப்ப இன்னாடா அந்தப் பேச்சு? எழுந்து கஞ்சியக் குடி."

"எனக்கும் வருவாரு. நீ எப்பவும்போல ஸ்பீக்கர் குழாய் கட்டு. பாட்டு மட்டும் போடாத. என் மேல மாலையப் போட்டுட்டு அவரு நிமிர்றப்ப, மைக்க எங்கம்மா கையில குடுத்துடு. கால்வாயப் பத்தி அது கேக்கட்டும். சாவு வூட்ல யாரும் வாழ்கன்னு கத்த மாட்டாங்கண்ணே."